இருபது வயதில் எட்டு வருடக் கையெழுத்து: போடலாமா, பொறுக்கலாமா?

2019 ஏப்ரலில் அட்லாண்டா பிரேவ்ஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் கிளப், இரண்டு வார இடைவெளிக்குள் இரண்டு பையன்களிடம் கையெழுத்து வாங்கியது. ஒருவர் வெனிசுவேலாவிலிருந்து வந்த ரொனால்ட் அகூன்யா, வயது 21, எட்டு வருடத்துக்கு 10 கோடி டாலர். இன்னொருவர் குராசாவ் தீவின் ஆஸி ஆல்பீஸ், வயது 22, ஏழு வருடத்துக்கு 3.5 கோடி டாலர். இரண்டிலும் கடைசியில் இரண்டிரண்டு வருடங்களை கிளப் விரும்பினால் நீட்டித்துக்கொள்ளலாம் (இதுதான் கிளப் ஆப்ஷன்), ஆட்டக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. ஆல்பீஸ் கணக்கில் அந்த இரண்டு வருடத்துக்கும் தலா 70 லட்சம் டாலர்தான்.

இரண்டு வருடம் கழித்து, 2021-ல் ஆல்பீஸ் 30 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி) அடித்தார், 106 ரன்கள் சேர்த்துக் கொடுத்தார், அணி உலகத் தொடரை, அதாவது சீசனின் இறுதிப் பட்டத்தை, வென்றது, அந்த வருடம் அவர் சம்பளம் 30 லட்சம் டாலர். அந்தக் குளிர்காலத்திலேயே, களத்தில் அதே இரண்டாம் பேஸ் இடத்தில் ஆடும் மார்கஸ் செமியன் டெக்சாஸ் ரேஞ்சர்ஸுக்குப் போனார், அவருக்கும் அதே ஏழு வருடம்தான், ஆனால் தொகை 17.5 கோடி. வயதோ 31. ஆல்பீஸைவிட ஆறு வயது மூத்தவருக்கு சரியாக ஐந்து மடங்கு!

இதைப் படித்ததும் "ஏமாந்துட்டான் பாவம்" என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அப்புறம் நடந்ததையும் பார்க்க வேண்டும். 2022-ல் அவருக்குக் கால் எலும்பு முறிந்தது, குணமாகித் திரும்பிய வேகத்தில் விரல் முறிந்தது. 2024-ல் மணிக்கட்டு. உடம்பை வைத்துப் பிழைக்கிறவனுக்கு ஏழு வருட உறுதிப் பணம் என்பது சாதாரண விஷயமில்லை. அதனால் முன்கூட்டியே கையெழுத்துப் போடுவது முட்டாள்தனமா என்பதை விட்டுவிடுவோம். எந்தக் கட்டத்தில் போடுவது, எத்தனை வருடத்தை விட்டுக்கொடுப்பது என்பதைப் பார்ப்போம்.

முதலில் விதிகள், ஏனென்றால் இது தெரியாமல் எந்தத் தொகையைப் பார்த்தாலும் அர்த்தம் புரியாது. ஐபிஎல் மாதிரி சில வருடத்துக்கு ஒரு பெரிய ஏலம் என்பது அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீகில் கிடையாது. ஒரு பையனை ஒரு கிளப் எடுத்துவிட்டால், அவன் மேஜர் லீகில் ஆறு வருட சர்வீஸ் முடிக்கும்வரை அவன் அவர்கள் கையில்தான். முதல் மூன்று வருடம், கொஞ்சம் முன்னே பின்னே, குறைந்தபட்ச சம்பளத்தை ஒட்டித்தான் கிடைக்கும். 2019-ல் அது 5.55 லட்சம் டாலர், 2026-ல் 7.8 லட்சம். அடுத்த மூன்று வருடம் ஆர்பிட்ரேஷன்: கிளப் ஒரு தொகை சொல்லும், ஆட்டக்காரர் ஒரு தொகை சொல்வார், ஒத்துப்போகாவிட்டால் மூன்று நடுவர்கள் கேட்டு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள், நடுவில் ஒரு தொகை என்ற பேச்சே இல்லை. ஆறு வருடம் முடிந்தால்தான் ஃப்ரீ ஏஜென்ட், யாரிடம் வேண்டுமானாலும் போகலாம். பெரும்பாலானவர்களுக்கு அப்போது 28, 29 வயது ஆகிவிடும்.

அதாவது ஆட்டக்காரர் உச்சத்தில் இருக்கும் வருடங்களில் பாதிக்கு மேல் சந்தை விலை கிடையாது. நீண்ட கால ஒப்பந்தப் பேச்சு எல்லாமே இந்த ஓட்டையைச் சுற்றித்தான் நடக்கிறது.

இப்படி ஒரு கிளப்பின் கையில் இருக்கும் இளம் பையனுக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, மேஜர் லீகில் ஒரு பந்தைக்கூடச் சந்திப்பதற்கு முன்பே போடுவது. இதைத் தொடங்கி வைத்தவர் ஜான் சிங்கிள்டன். 2014 ஜூனில் ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோஸோடு ஐந்து வருடத்துக்கு 1 கோடி டாலர், மறுநாளே முதல் ஆட்டம். சக ஆட்டக்காரர்கள் சிலரே விலை மலிவு என்று குறை சொன்னார்கள். அந்த சீசனில் அவர் பேட்டிங் சராசரி .168, ரொம்ப மோசம். அடுத்த சில வருடங்களில் போதைப்பொருள் பரிசோதனையில் மாட்டித் தடை, பிறகு கிளப்பே விடுவித்தது. 2018-ல் பிலடெல்பியாவின் ஸ்காட் கிங்கரி, ஆறு வருடம், 2.4 கோடி. 2019 நவம்பரில் சியாட்டிலின் எவன் வைட், அதே ஆறு வருடம், அதே 2.4 கோடி. இருவருமே நிலைக்கவில்லை. வைட் முதல் வருடமே ஃபீல்டிங்குக்கு கோல்ட் குளவ் விருது வாங்கினார், ஆனால் பேட்டிங் .176, அப்புறம் காயத்தோடு காயம்.

இந்த மூன்று பேருக்கும் ஒப்பந்தம் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆர்பிட்ரேஷன் கட்டத்தையே முழுசாகப் பார்த்திருக்க மாட்டார்கள், குறைந்தபட்ச சம்பளம் சில வருடம், பிறகு மேஜருக்குக் கீழ்ப்படியான மைனர் லீகில் பேருந்துப் பயணம். மைனர் லீக் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் கஷ்டமாக இருக்கும்: 2023-ல் அவர்களுக்கென்று முதல்முறையாக ஒரு கூட்டு ஒப்பந்தம் வந்த பிறகுதான் மேல் நிலையான டிரிபிள் ஏ-யில் வருடத்துக்கு 35,800 டாலர் என்று ஆனது. மேஜர் லீக் ஒப்பந்தத்தில் ஒரு பெரிய நல்ல விஷயம், அமெரிக்க கால்பந்தில் செய்வதுபோல இங்கே நடுவில் கிழித்துப் போட முடியாது. ஆட்டம் போனாலும், காயம் பட்டாலும், சொன்ன பணம் வந்தே தீரும். கிங்கரிக்கு வந்தது. வைட்டுக்கும் வந்தது.

இந்த வழியில் பணத்தைத் தாண்டியும் ஒரு லாபம் இருக்கிறது, அதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு சர்வீஸ் வருடம் என்பது 172 நாள். கிளப் ஒரு பையனை சீசன் தொடங்கி இரண்டு வாரம் மைனர் லீகிலேயே உட்கார வைத்தால், அவனுக்கு அந்த வருடம் முழுசாக எண்ணப்படாது, அவன் இன்னொரு வருடம் அவர்கள் கையில் இருப்பான். 2015-ல் சிகாகோ கப்ஸின் கிரிஸ் பிரையன்ட்டுக்கு நடந்தது இதுதான். அந்த சீசன் முடிவில் அவர் கணக்கில் 171 நாள். ஒரே ஒரு நாள் குறை! அவர் போட்ட புகார் 2020-ல்தான் தீர்ப்பானது, அதிலும் தோற்றார். முன்பே ஒப்பந்தம் போட்டுவிட்டால் கிளப்புக்கு இந்த விளையாட்டில் ஆதாயமே இல்லை. எலோய் ஹிமெனஸ் என்ற புதுமுகம் 2019 மார்ச்சில் 4.3 கோடிக்குக் கையெழுத்துப் போட்டார், சீசனின் முதல் நாளே களத்தில் இருந்தார். மில்வாக்கி ப்ரூவர்ஸின் ஜாக்சன் சூரியோ 2023 டிசம்பரில் 19 வயதில் எட்டு வருடத்துக்கு 8.2 கோடி வாங்கினார், மேஜர் லீகில் ஆடாத ஒருவருக்கு அதுவரை யாரும் கொடுக்காத தொகை, அவரும் 2024 முதல் ஆட்டத்திலேயே இறங்கி, அந்த வருடமே 21 ஹோம் ரன், 22 ஸ்டீல் (பந்து அடிக்கப்படாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது) என்று போனார்.

இரண்டாவது வழி, ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆடிக் காட்டிவிட்டுப் போடுவது. அகூன்யாவும் ஆல்பீஸும் இந்த வகை. 2022-ல் சியாட்டிலின் ஹூலியோ ரொட்ரிகஸ் முதல் சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே 20.9 கோடிக்கு மேல் உறுதி செய்துகொண்டார். சான் டியகோவின் ஃபெர்னாண்டோ டாடீஸ் ஜூனியர் 143 ஆட்டங்களே ஆடியிருந்த நிலையில், 2021 பிப்ரவரியில் 14 வருடத்துக்கு 34 கோடி. ஆனால் என் மனசுக்கு இந்த வகையில் மிகச் சரியாகச் செய்தவர் கன்சாஸ் சிட்டி ராயல்ஸின் பாபி விட் ஜூனியர். இரண்டு முழு சீசன் ஆடிவிட்டு 2024 பிப்ரவரியில் 11 வருடத்துக்கு 28.87 கோடி. தொகையைவிட அதில் எனக்குப் பிடித்தது, ஏழாவது வருடத்துக்குப் பிறகு அவர் விரும்பினால் விலகிப் போகலாம், அதற்கடுத்த மூன்று வருடமும் அதே உரிமை. கதவு அவர் பக்கம் திறக்கிறது. அகூன்யா, ஆல்பீஸ் ஒப்பந்தங்களில் கதவு கிளப் பக்கம் மட்டும்தான் திறக்கும். இந்த ஒரு வித்தியாசத்தைப் பத்திரிகைத் தலைப்புகளில் பார்க்கவே முடியாது, தலைப்பில் எப்போதும் மொத்தத் தொகைதான்.

விட் ஜூனியருக்கு எப்படி அது முடிந்தது? 2019-ல் எல்லா கிளப்புகளும் ஆள் எடுக்கும் டிராஃப்டில் அவர் இரண்டாவது ஆளாக எடுக்கப்பட்டார், கையெழுத்துப் போட்டதற்கே 78 லட்சம் டாலர். அப்பா பாபி விட் 16 சீசன் மேஜர் லீகில் பந்து வீசியவர். வீட்டில் அவசரம் இல்லை. அகூன்யாவை பிரேவ்ஸ் 16 வயதில் எடுத்தபோது கொடுத்தது ஒரு லட்சம் டாலர். ஆல்பீஸுக்கு மூன்றரை லட்சம். பேச்சுவார்த்தை மேசையில் இந்த முதல் தொகைதான் யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது என்பது என் எண்ணம். கையில் காசு இருப்பவன் "அடுத்த வருஷம் பேசலாம்" என்பான். ஊரில் அம்மா அப்பாவுக்கு இன்னும் வீடு கட்டாதவன் அதைச் சொல்வது ரொம்பக் கஷ்டம், கிளப்புக்கும் அது நன்றாகத் தெரியும்.

இங்கே இன்னொரு குறுக்கு வழியும் இருக்கிறது, அதைப் பற்றி எச்சரிக்காமல் போக முடியாது. மைனர் லீகில் இருக்கும் பையன்களுக்கு இப்போதே ஒரு தொகை கொடுத்து, பின்னாளில் மேஜர் லீகில் சம்பாதிப்பதில் ஒரு பங்கை எழுதி வாங்கிக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. டாடீஸ் ஜூனியர் அப்படி எழுதிக் கொடுத்தவர், 34 கோடி வந்த பிறகு அந்தப் பங்கு எவ்வளவு பெரியது என்று புரிந்தது, 2025-ல் வழக்குப் போட்டார். கையில் காசு இல்லாமல் காத்திருக்க முடியாது என்றால், இப்படிப் பங்கு விற்பதைவிட கிளப்போடு ஒரு மிதமான ஒப்பந்தம் போடுவது எவ்வளவோ மேல்.

மூன்றாவது வழி, எதுவும் போடாமல் வருடா வருடம் ஆடி ஆறு வருடத்தைக் கடப்பது. இதற்கு எல்லோரும் சொல்லும் பெயர் ஹுவான் சோட்டோ. வாஷிங்டன் நேஷனல்ஸ் 2022-ல் 15 வருடத்துக்கு 44 கோடி டாலர் கொடுக்க வந்தது, மாட்டேன் என்றார், ஒரு மாதத்துக்குள் சான் டியகோவுக்கு அனுப்பிவிட்டார்கள். 2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸோடு 15 வருடத்துக்கு 76.5 கோடி. சரி, இது லாட்டரி மாதிரி, ஒரு சோட்டோவை வைத்து எல்லோருக்கும் புத்தி சொல்ல முடியாது என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். 19 வயதில் மேஜர் லீகுக்கு வந்ததால்தான் 26 வயதில் அவர் சந்தைக்கு வர முடிந்தது, அந்த வாய்ப்பு விரல் விட்டு எண்ணக்கூடியவர்களுக்குத்தான்.

ஆனால் அந்தக் கதையில் 76.5 கோடியைவிட முக்கியமான எண் வேறு. காத்திருந்த காலத்தில் அவர் வாங்கிய சம்பளம்: 2021-ல் 85 லட்சம், 2022-ல் 1.71 கோடி, 2023-ல் 2.3 கோடி, 2024-ல் 3.1 கோடி. கூட்டினால் நான்கு வருடத்தில் கிட்டத்தட்ட 8 கோடி டாலர், ஒப்பந்தமே இல்லாமல். அகூன்யாவின் எட்டு வருட மொத்தமே 10 கோடி. 2023-ல் அகூன்யா 41 ஹோம் ரன், 73 ஸ்டீல் என்று யாரும் தொடாத உயரத்தைத் தொட்டு மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகின் எம்விபி, அதாவது சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர், ஆனபோது அவர் சம்பளம் 1.7 கோடி.

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். உண்மையான ஆபத்து முதல் மூன்று வருடத்தில்தான் இருக்கிறது. அந்த மூன்றைத் தாண்டி ஆர்பிட்ரேஷனுக்குள் கால் வைத்துவிட்ட நல்ல ஆட்டக்காரருக்கு, அதற்குப் பிறகு சறுக்கினாலும் ஓரளவு பணம் வந்துவிடும். கோடி (Cody) பெல்லிஞ்சர் என்ற ஆட்டக்காரரைப் பாருங்கள். 2019-ல் எம்விபி, 2020-ல் ஹோம் ரன் அடித்த சந்தோஷத்தில் சக வீரரோடு கையை இடித்துக் கொண்டாடும்போது தோள் மூட்டு நழுவியது, அடுத்த வருடம் சராசரி .165, 2022 முடிவில் அவருடைய கிளப்பான டாட்ஜர்ஸ் விட்டுவிட்டது. அத்தனை மோசமான இரண்டு வருடத்திலும் ஆர்பிட்ரேஷன் வழியாக வருடத்துக்கு 1.6 கோடிக்கு மேல் வாங்கினார், வெளியே வந்ததும் கப்ஸ் ஒரே வருடத்துக்கு 1.75 கோடி கொடுத்தது.

ஆக, பையனுக்கு வேண்டியது மூன்று வருடத்துக்கான காப்பீடு. கிளப் அதைக் கொடுக்கிறது, ஆனால் பிரீமியமாகக் கேட்பது ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது வருடங்களை, அதாவது அவன் சந்தைக்குப் போயிருக்க வேண்டிய வருடங்களை. 20 வயதில் உட்கார்ந்திருக்கும் ஒருவனுக்கு 29 வயது என்பது எங்கேயோ இருக்கிற ஊர் மாதிரி, அதைக் கொடுப்பது அவனுக்கு வலிக்காது. அதனால்தான் சுலபமாகக் கொடுத்துவிடுகிறான். அகூன்யா ஒப்பந்தம் இல்லாமல் இருந்திருந்தால் 2024 சீசனோடு ஃப்ரீ ஏஜென்ட் ஆகியிருப்பார். இப்போது 2028 வரை கிளப் அவரை 1.7 கோடிக்கே வைத்துக்கொள்ளலாம்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். 2024 மே மாதம் அவருக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது, 2021-ல் ஒரு கால், இப்போது இன்னொன்று. அந்த நிலையில் ஒப்பந்தம் இல்லாமல் சந்தைக்குப் போயிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பது பயமான கேள்விதான். எட்டு வருடம் உறுதியாக இருந்ததால் அவர் நிம்மதியாகக் குணமாக முடிந்தது.

கிளப் பக்கம் கணக்கு இதைவிட எளிது. அவர்களுக்குப் பத்துப் பையன்கள், இவனுக்கு ஒரே உடம்பு. சிங்கிள்டன், கிங்கரி, வைட் மூவரிலும் போனது எல்லாம் சேர்த்தாலும் 6 கோடியைத் தொடாது, ஒரே ஒரு ஆல்பீஸ் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். 1990-களின் தொடக்கத்திலேயே கிளீவ்லாந்து கிளப்பின் நிர்வாகி ஜான் ஹார்ட் இதைக் கண்டுபிடித்து சாண்டி அலோமார், கார்லோஸ் பயேர்கா போன்றவர்களை முன்கூட்டியே கட்டிப்போட்டார். 2008-ல் டாம்பா பே கிளப், எவன் லாங்கோரியாவிடம் அவர் மேஜர் லீகுக்கு வந்த ஆறாவது நாளே ஆறு வருடத்துக்கு 1.75 கோடிக்குக் கையெழுத்து வாங்கியது, அந்த வருடமே அவர் சிறந்த புதுமுகம், அணி உலகத் தொடர் வரை போனது. கிளப்புக்குப் பெரிய அடி விழுவது தொகை பெரிதாக இருக்கும்போதுதான். வாண்டர் ஃபிராங்கோவுக்கு அதே டாம்பா பே 2021-ல் 11 வருடத்துக்கு 18.2 கோடி எழுதியது, 2023 ஆகஸ்டில் எழுந்த குற்றச்சாட்டுகளும் டொமினிக்கன் நாட்டு வழக்கும் வந்த பிறகு அந்த ஒப்பந்தம் அப்படியே நின்றுபோனது.

பந்து வீசுகிறவனாக இருந்தால் இந்தக் கணக்கை எல்லாம் மூட்டை கட்டிவிட்டு, வருகிற முதல் நல்ல ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்வேன். முழங்கை எப்போது போகும் என்று எவனுக்கும் தெரியாது. ஸ்பென்சர் ஸ்ட்ரைடர் ஒரு வருடம் ஆடிவிட்டு 2022 அக்டோபரில் ஆறு வருடத்துக்கு 7.5 கோடி வாங்கினார். 2023-ல் 281 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார். 2024-ல் இரண்டே ஆட்டம், முழங்கை அறுவை சிகிச்சை. கோர்பின் பர்ன்ஸ் மறுபக்கம். மில்வாக்கியோடு வருடா வருடம் ஆடினார், 2023-ல் ஏழரை லட்சம் டாலர்கூட வராத வித்தியாசத்துக்காக ஆர்பிட்ரேஷன் விசாரணைக்குப் போய்த் தோற்றார். அந்த அறையில் சொந்தக் கிளப்பே இவர் ஏன் அவ்வளவு உசத்தி இல்லை என்று வாதாடும், அது மனசைப் புண்படுத்திவிட்டது என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார், அடுத்த வருடம் அவரை வேறு கிளப்புக்கு அனுப்பிவிட்டார்கள். 2024 டிசம்பரில் அரிசோனாவோடு 21 கோடி. 2025 ஜூனில் முழங்கை அறுவை சிகிச்சை. ஆறே மாத இடைவெளியில் தப்பித்தார். அந்த ஆறு மாதம் இந்தப் பக்கம் விழும் என்று நம்பி யாரும் திட்டம் போட முடியாது.

பேட்ஸ்மேனுக்கு என் வரிசை வேறு. முதல் தொகை பெரிதாக வாங்கிய, முதல் வரிசையில் பேசப்படும் பையன் என்றால் விட் செய்ததுதான், இரண்டு வருடம் ஆடிவிட்டு, விலகும் உரிமையோடு. கையில் ஒன்றுமில்லாத பையன் என்றால் முன்பே போடட்டும், தயங்கவே வேண்டாம், ஆனால் பேரம் பேசும்போது மொத்தத் தொகையில் 50 லட்சம் கூட்டச் சொல்லி மல்லுக்கட்டுவதைவிட, கடைசி இரண்டு கிளப் ஆப்ஷன் வருடங்களில் ஒன்றையாவது அடித்துவிடச் சொல்லி உட்கார வேண்டும். அது முடியாவிட்டால், விருது வாங்கினால் அந்த வருடங்களின் விலை ஏறும் என்று எழுதி வாங்க வேண்டும். ஹூலியோ ரொட்ரிகஸ் ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது, எம்விபி வாக்கெடுப்பில் வரும் இடத்தைப் பொறுத்து மொத்தம் 47 கோடி வரை போகலாம்.

கிளப் பின்னால் பார்த்துக்கொள்ளும் என்ற வாய்வார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம். சால்வடோர் பெரேஸ் 39 ஆட்டம் ஆடிய நிலையில் 2012-ல் ஐந்து வருடத்துக்கு வெறும் 70 லட்சம் டாலருக்குக் கையெழுத்துப் போட்டவர். 2015 உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஆன பிறகு, 2016-ல் ராயல்ஸ் பழையதை மாற்றி ஐந்து வருடத்துக்கு 5.25 கோடி என்று புதிதாகக் கொடுத்தது. செய்ய வேண்டிய கட்டாயம் எதுவும் அவர்களுக்கு இல்லை. ஆல்பீஸுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. பிரேவ்ஸ் இரண்டு ஆப்ஷன்களையும் எடுத்துக்கொண்டால் ஒன்பது வருடத்துக்கு மொத்தம் 4.5 கோடி, 2027 சீசன் முடிந்து அவர் முதல்முறையாகச் சந்தைக்கு வரும்போது 31-வது பிறந்தநாளுக்கு இரண்டு மூன்று மாதம்தான் இருக்கும்.